கால்பந்து வீரரான தாத்தா: போருக்கு முந்தைய இங்கிலாந்து ஆட்டக்காரர்களின் ஆவணத் தடங்கள்

இரண்டாம் உலகப் போருக்கு முன் இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்துக் கழகங்களில் ஆடியவர்களின் வாழ்க்கையை அவர்களது பேரப்பிள்ளைகள் தேடிக் கண்டறிவது, அந்நாட்டின் குடும்ப வரலாற்று ஆய்வில் ஒரு தனிக் கிளையாக வளர்ந்துள்ளது. பெரும்பாலான குடும்பங்களில் எஞ்சியிருப்பது "தாத்தா இன்ன கழகத்துக்கு ஆடினார்" என்ற ஒற்றை வரி மட்டுமே. அவர் எந்த ஆண்டில் ஆடினார், முதல் அணியிலா இரண்டாம் அணியிலா, எத்தனை ஆட்டங்கள் ஆடினார், ஏன் விட்டார் என்பவை அந்த வரியில் இருப்பதில்லை. இவற்றுக்கு விடை தேடுவோர் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். பதிவேட்டில் பெயர் இல்லாததால் மட்டும் குடும்பக் கதை பொய்யாகிவிடாது. பதிவேட்டில் அதே பெயர் இருப்பதால் மட்டும் அவர் அந்தக் குடும்பத்துத் தாத்தா என்று உறுதியாகிவிடாது.

பின்னணி

இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் 1863இல் தொடங்கப்பட்டது. ஆட்டத்துக்குக் கூலி வாங்குவதை அச்சங்கம் 1885இல் அனுமதித்தது. 1888இல் 12 கழகங்களுடன் ஃபுட்பால் லீக் உருவானது. 1892இல் இரண்டாம் பிரிவும், 1920இல் மூன்றாம் பிரிவும் சேர்க்கப்பட்டன. மூன்றாம் பிரிவு 1921இல் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1923 முதல் லீக்கில் மொத்தம் 88 கழகங்கள் இருந்தன.

அக்காலத்து ஆட்டக்காரர் இன்றைய நட்சத்திர வீரரைப் போன்றவர் அல்லர். அவரது கூலிக்கு லீக் உச்சவரம்பு வைத்திருந்தது. 1901இல் அது வாரத்துக்கு 4 பவுண்டு. 1922 முதல் ஆட்டப் பருவத்தில் 8 பவுண்டு, கோடைக்காலத்தில் 6 பவுண்டு என்று நிலைத்தது. வெற்றிக்கு 2 பவுண்டும் சமநிலைக்கு 1 பவுண்டும் கூடுதலாகக் கிடைக்கும். உச்சவரம்பைத் தொட்டவர்களைவிடத் தொடாதவர்களே அதிகம். இந்த வரம்பு 1961இல்தான் நீக்கப்பட்டது.

ஒப்பந்தம் ஓராண்டுக்கு மட்டுமே. பருவம் முடிந்ததும் ஒவ்வொரு கழகமும் தான் வைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர்களின் பட்டியலை வெளியிடும். அதில் பெயர் இல்லாதவருக்கு வேலை இல்லை. பெயர் இருந்தவரும் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் வேறொரு லீக் கழகத்துக்குப் போக முடியாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவரது பதிவு பழைய கழகத்தின் கையிலேயே இருந்தது. இந்த முறை நியாயமற்ற தொழில் கட்டுப்பாடு என்று ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில் 1963இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆய்வு செய்வோருக்கு இந்த அமைப்பைத் தெரிந்திருப்பது அவசியம். ஒருவர் 24 வயதில் லீக் பதிவுகளிலிருந்து திடீரென மறைந்தால், அவர் ஆட்டத்தையே விட்டுவிட்டார் என்று கொள்ளக் கூடாது. லீக்கில் சேராத சிறு கழகமொன்றில் ஆடிக்கொண்டே, பகலில் சுரங்கத்திலோ ஆலையிலோ வேலை பார்த்திருக்கலாம். 1932இல் பிரான்சில் தொழில்முறை லீக் தொடங்கியபோது அங்கு சென்ற பிரித்தானிய ஆட்டக்காரர்களும் உண்டு.

வீட்டிலுள்ள சான்றுகள்

தேடல் வீட்டிலிருந்தே தொடங்குகிறது. பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், பதக்கங்கள், ஒளிப்படங்கள், கத்தரித்து வைத்த செய்தித்தாள் துண்டுகள், கடிதங்கள் ஆகியவை முதல் சான்றுகள். இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை 1837 சூலை முதல் அரசால் பதிவு செய்யப்படுகின்றன. திருமணச் சான்றிதழில் மணமகனின் தொழில் எழுதப்பட்டிருக்கும். அங்கே "தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்" என்று இருந்தால், குறைந்தது அந்த ஆண்டில் அவர் ஆட்டத்தால் பிழைத்தார் என்பதற்கு அது வலுவான சான்று.

பொன், வெள்ளிப் பதக்கங்களின் பின்புறத்தில் சிறு முத்திரைகள் இருக்கும். அவற்றுள் ஓர் எழுத்து, உலோகம் சோதிக்கப்பட்ட ஆண்டைக் காட்டும். நங்கூரக் குறி இருந்தால் பர்மிங்காமில் சோதிக்கப்பட்டது என்று பொருள். பதக்கத்தில் கழகத்தின் பெயர் இல்லாவிட்டாலும் இம்முத்திரைகள் ஆண்டைக் குறுக்கித் தரும்.

அணிப் படங்களில் எச்சரிக்கை தேவை. பருவம் தொடங்கும் முன் எடுக்கப்படும் படத்தில் கழகத்தின் எல்லா ஆட்டக்காரர்களும் நிற்பதுண்டு. அதில் இருந்தவர் முதல் அணியில் ஆடியிருக்க வேண்டும் என்பதில்லை. சட்டையில் எண் இருப்பதும் காலத்தைச் சொல்லும். 1933ஆம் ஆண்டுக் கால்பந்துச் சங்கக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எவர்ட்டன் ஆட்டக்காரர்கள் 1 முதல் 11 வரையும் மான்செஸ்டர் சிட்டி ஆட்டக்காரர்கள் 12 முதல் 22 வரையும் எண் அணிந்து ஆடினர். லீக் ஆட்டங்களில் எண் கட்டாயமானது 1939இல்தான்.

அச்சிட்ட ஆட்டப் பதிவேடுகள்

லீக் ஆட்டங்களில் ஆடியவர்களின் பெயர்களைத் தொகுத்த நூல்களில் மைக்கேல் ஜாய்ஸ் உருவாக்கிய 1888 முதல் 1939 வரையிலான ஃபுட்பால் லீக் ஆட்டக்காரர் பதிவேடு முதன்மையானது. ஒருவர் எந்தக் கழகத்துக்கு, எந்தப் பருவத்தில், எத்தனை லீக் ஆட்டங்கள் ஆடினார், எத்தனை கோல் அடித்தார் என்பதை அது காட்டுகிறது. தனித்தனிக் கழகங்களுக்கும் ஆட்ட வாரியான வரலாற்று நூல்கள் வெளிவந்துள்ளன.

இந்த நூல்கள் எதைக் கணக்கில் எடுக்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். லீக் பதிவேடு என்றால் லீக் ஆட்டங்கள் மட்டும். கோப்பை ஆட்டங்களுக்கும் நட்பு ஆட்டங்களுக்கும் அதில் இடமில்லை. 1920க்கு முன் சதர்ன் லீக் கழகங்களில் ஆடியவர்களும் அதில் வரமாட்டார்கள். அவர்கள் தரத்தில் குறைந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1901இல் டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கால்பந்துச் சங்கக் கோப்பையை வென்றபோது அது சதர்ன் லீக்கில்தான் இருந்தது.

விலக்கப்பட்ட ஆட்டங்களும் உண்டு. பணமின்றித் தவித்த விகன் பரோ கழகம் 1931 அக்டோபரில், பருவத்தின் நடுவிலேயே லீக்கை விட்டு வெளியேறியது. அப்பருவத்தில் அது ஆடியிருந்த 12 ஆட்டங்களும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அந்த ஆட்டங்களில் ஓடி ஆடியவர்களின் உழைப்பு அதிகாரப்பூர்வ எண்ணிக்கையில் சேரவில்லை.

'ஆடினார்' என்ற சொல்லின் பொருள்

குடும்பக் கதைகளில் மிகுதியாகக் குழப்பம் தருவது 'ஆடினார்' என்ற சொல். ஒரு கழகத்தில் கையெழுத்திட்டவர், அங்கே சோதனை ஆட்டம் ஆடியவர், இரண்டாம் அணியில் ஆடியவர், முதல் அணியில் ஆடியவர் ஆகிய நால்வரையும் பின்வந்த தலைமுறை ஒரே சொல்லால் குறிப்பிட்டிருக்கும்.

1965 வரை இங்கிலாந்து லீக்கில் மாற்று ஆட்டக்காரர் முறை இல்லை. சனிக்கிழமை களத்தில் இறங்கிய பதினொருவர் மட்டுமே முதல் அணியினர். கழகத்தில் கூலி வாங்கிய மற்றவர்கள் அன்று இரண்டாம் அணிக்கு ஆடினர். வடக்கே சென்ட்ரல் லீக், தெற்கே லண்டன் காம்பினேஷன் ஆகியவை இரண்டாம் அணிகளுக்கான முக்கியப் போட்டிகள். ஒருவர் பல பருவங்கள் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்து, ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் போயிருக்கலாம். அவர் பெயர் லீக் பதிவேட்டில் இராது. ஆனால் அவர் அந்தக் கழகத்துக்கு ஆடியது உண்மை.

ஸ்காட்லாந்திலிருந்து இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தைச் சேர்ந்த முகமது சலீம் 1936இல் கிளாஸ்கோ சென்று செல்டிக் கழகத்துக்காகக் காலணி அணியாமல், காலில் துணிக்கட்டுடன் ஆடினார். அவை இரண்டாம் அணிகளுக்கான அலையன்ஸ் லீக் ஆட்டங்கள். முதல் அணியின் பட்டியலில் மட்டும் தேடுபவருக்கு அவர் கிடைக்கமாட்டார். அவரது ஆட்டத்துக்குச் சான்றாக நிற்பவை அக்காலச் செய்தித்தாள்கள்.

செய்தித்தாள்கள்

இரண்டாம் அணி ஆட்டங்களையும் சோதனை ஆட்டங்களையும் கண்டறிய உள்ளூர்ச் செய்தித்தாள்களே சிறந்த வழி. பெரிய தொழில் நகரங்களில் சனிக்கிழமை மாலை ஆட்டம் முடிந்த சற்று நேரத்திலேயே விளையாட்டுச் சிறப்பிதழ்கள் விற்பனைக்கு வந்தன. ஷெஃபீல்டில் பச்சைத் தாளில் அச்சான 'கிரீன் அன்' இதழ் இவ்வகையில் புகழ்பெற்றது. மான்செஸ்டரிலிருந்து வெளிவந்த 'அத்லெட்டிக் நியூஸ்' 1875 முதல் 1931 வரை நாடு முழுவதற்குமான ஆட்டச் செய்திகளைத் தந்தது. பிரித்தானிய நூலகத்தின் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் தேடும் வசதி 2011 முதல் கிடைக்கிறது.

அக்கால அணிப் பட்டியலைப் படிக்க ஒரு முறை உண்டு. கோல்கீப்பர், பின்னணியில் இருவர், இடையணியில் மூவர், முன்னணியில் ஐவர் என்ற வரிசையில், ஒவ்வோர் அணியிலும் வலப்புறத்திலிருந்து இடப்புறமாகப் பெயர்கள் அச்சிடப்பட்டன. முன்னணி ஐவரில் கடைசிப் பெயர் இடது ஓரத்தில் ஆடியவருடையது. தாத்தா இடது ஓரத்தில் ஆடினார் என்ற நினைவு குடும்பத்தில் இருந்தால், பட்டியலில் அவர் பெயர் நிற்கும் இடமே அதைச் சரிபார்க்க உதவும்.

சோதனைக்கு வந்தவரின் பெயரை மறைக்க விரும்பிய கழகங்கள் 'ஏ. என். அதர்', அதாவது 'இன்னொருவர்' என்று பொருள்படும் பெயரைப் பட்டியலில் இட்டன. இத்தகைய ஆட்டத்தில் ஆடியவர் யார் என்பது சில நாள் கழித்து வந்த செய்தியிலோ, குடும்பம் காத்து வைத்த கழகக் கடிதத்திலோதான் தெரியவரும். மே மாதச் செய்தித்தாள்களைத் தவறவிடக் கூடாது. வைத்துக்கொள்ளப்பட்டவர்கள், விடுவிக்கப்பட்டவர்கள் பட்டியல்கள் அப்போதுதான் வெளிவரும். ஆகஸ்ட் இதழ்களில் புதிதாகச் சேர்ந்தவர்களின் உயரம், எடை, முந்தைய கழகம் ஆகியவை இருக்கும்.

கணக்கெடுப்புகளும் அரசுப் பதிவேடுகளும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் ஆட்டக்காரரை அடையாளம் காண உதவுகின்றன. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏப்ரல் 2 அன்று, ஆட்டப் பருவத்தின் இறுதிக் கட்டத்தில் எடுக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சூன் 19 அன்று, ஆட்டம் இல்லாத கோடையில் எடுக்கப்பட்டது. அதில் தொழிலுடன், வேலை கொடுத்தவரின் பெயரும் கேட்கப்பட்டது. எனவே கழகத்தின் பெயரே அதில் எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. கோடையில் வேறு வேலை பார்த்தவர் அந்த வேலையை எழுதியிருக்கவும் கூடும். இக்கணக்கெடுப்பு 2022 சனவரியில் பொதுப் பார்வைக்கு வந்தது.

அதன் பிறகு ஒரு பெரிய இடைவெளி வருகிறது. இங்கிலாந்து, வேல்சின் 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் அழிந்தன. போர் காரணமாக 1941இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைகளுக்காக எடுக்கப்பட்ட தேசியப் பதிவேடு. அதில் பிறந்த தேதியும் தொழிலும் உள்ளன. ஆனால் அன்று படைப் பணியில் இருந்தவர்கள் அதில் இல்லை.

படை ஆவணங்களிலும் இழப்பு உண்டு. முதல் உலகப் போரில் பணியாற்றிய படைவீரர்களின் ஆவணங்களில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் லண்டனில் நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின. இரண்டாம் உலகப் போர்ப் பணி ஆவணங்களைப் பாதுகாப்பு அமைச்சகம் 2022 முதல் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது. கால்பந்து ஆட்டக்காரர்கள் பலர் தரைப்படையின் உடற்பயிற்சிப் பிரிவில் பயிற்றுநர்களாகச் சேர்க்கப்பட்டதால், அந்தக் குறிப்பும் ஒரு துப்பாக உதவும்.

1939: நீக்கப்பட்ட பருவம்

1939-40 ஆட்டப் பருவம் 1939 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கியது. செப்டம்பர் 2, சனிக்கிழமை ஆர்சனல் கழகம் சண்டர்லாந்தை 5-2 என்று வென்றது. அவற்றில் நான்கு கோல்களை டெட் டிரேக் அடித்தார். மறுநாள் பிரிட்டன் போர் அறிவித்தது. லீக் நிறுத்தப்பட்டு, அதுவரை நடந்த ஆட்டங்கள் அனைத்தும் அதிகாரப்பூர்வக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. முதல் பிரிவில் பெரும்பாலான கழகங்கள் அப்போது மூன்று ஆட்டங்களை முடித்திருந்தன.

டிரேக் போன்ற புகழ்பெற்றவருக்கு நான்கு கோல்கள் குறைந்தன, அவ்வளவுதான். அந்த ஆட்டங்களில்தான் முதன்முறையாக முதல் அணியில் இறங்கிய இளைஞருக்கோ இருந்ததெல்லாம் போயிற்று. லீக் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியது 1946-47 பருவத்தில். 1939இல் 27 வயதாக இருந்தவருக்கு அப்போது 34 வயது. திரும்பி வர முடியாதவர்கள் பலர். ஒரு தாத்தா தம் பேரனிடம் "முதல் பிரிவில் ஆடினேன்" என்று சொல்லி, பேரன் தேடிய பதிவேட்டில் அவர் பெயர் இல்லாமற்போனால், முதலில் பார்க்க வேண்டியவை 1939 ஆகஸ்ட், செப்டம்பர் மாதச் செய்தித்தாள்களே.

போர் தொடங்கியதும் ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. ஆட்டக்காரர்கள் வாரக் கூலியை இழந்தனர். பின்னர் நடந்த போர்க்கால வட்டாரப் போட்டிகளில் ஓர் ஆட்டத்துக்கு 30 ஷில்லிங் என்ற முறை வந்தது. முகாமுக்கு அருகிலுள்ள எந்தக் கழகத்துக்கும் விருந்தினராக ஆட அனுமதி இருந்தது. படை முகாம் நகரமான ஆல்டர்ஷாட்டின் சிறு கழகத்துக்கு கிளிஃப் பிரிட்டன், ஸ்டான் கலிஸ், ஜோ மெர்சர் ஆகிய இங்கிலாந்து அணி வீரர்கள் ஆடினர். ஆகவே ஒரு தாத்தா ஐந்தாறு கழகங்களுக்கு ஆடினார் என்ற கதை மிகைபோலத் தோன்றினாலும் உண்மையாக இருக்கலாம். போல்டன் வாண்டரர்ஸ் கழகத்தினர் பலர் ஒன்றாகவே படையில் சேர்ந்தனர். அவர்களின் தலைவர் ஹாரி காஸ்லின் 1943 டிசம்பரில் இத்தாலியில் உயிரிழந்தார்.

ஒரே பெயர், வேறு ஆள்

செய்தித்தாள்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரை மட்டுமே அச்சிட்டன. ஸ்மித், ஜோன்ஸ், டெய்லர் போன்ற பெயர்களில் ஒரே காலத்தில் பலர் ஆடினர். சிலர் பட்டப்பெயரால் அறியப்பட்டனர். 1927-28 பருவத்தில் 60 லீக் கோல்கள் அடித்த எவர்ட்டனின் 'டிக்சி' டீனின் இயற்பெயர் வில்லியம் ரால்ஃப் டீன். ஆட்டக்காரர்கள் தங்கள் வயதைக் குறைத்துச் சொல்வதும் உண்டு என்பதால் பதிவேட்டிலுள்ள பிறந்த ஆண்டை அப்படியே நம்பக் கூடாது.

இதனால் ஓர் ஆட்டக்காரரையும் ஒரு தாத்தாவையும் ஒருவரே என்று முடிவு செய்யத் தனித்தனி இடங்களிலிருந்து குறைந்தது இரண்டு சான்றுகளாவது வேண்டும். பிறந்த ஊரும் தேதியும் அரசுப் பதிவோடு பொருந்துதல், கழகம் இருந்த ஊரில் அதே ஆண்டில் அவர் குடியிருந்ததற்கான முகவரி, திருமணச் சான்றிதழிலுள்ள தொழில், செய்தித்தாள் படமும் வீட்டுப் படமும் ஒத்துப்போதல் ஆகியவை பயன்படும். குடும்பப் பெயரும் கழகமும் மட்டும் பொருந்துவது போதாது.

ஜேக் லெஸ்லி: குடும்ப நினைவும் ஆவணமும்

இத்தகைய தேடல் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு ஜேக் லெஸ்லியின் வரலாறு சான்று. லண்டனின் கேனிங் டவுன் பகுதியில் 1901இல் பிறந்த இவரின் தந்தை ஜமைக்காவைச் சேர்ந்தவர். பாய்லர் செய்யும் தொழில் கற்ற லெஸ்லி, 1921இல் பிளிமத் ஆர்கைல் கழகத்தில் சேர்ந்து 400 ஆட்டங்களில் 137 கோல்கள் அடித்தார்.

1925 அக்டோபரில் அயர்லாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு இங்கிலாந்து அணிக்குத் தாம் தேர்வானதாகக் கழக மேலாளர் தம்மிடம் சொன்னதை லெஸ்லி நினைவுகூர்ந்தார். செய்தித்தாள்களிலும் அவர் பெயர் வந்தது. சில நாட்களில் அது பட்டியலிலிருந்து மறைந்தது. தம் தோல் நிறமே அதற்குக் காரணம் என்று அவர் கடைசிவரை கருதினார். அவர் இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. இங்கிலாந்தின் முதன்மை அணியில் ஒரு கறுப்பினத்தவர் ஆடியது 1978இல் விவ் ஆண்டர்சன் இறங்கியபோதுதான்.

லெஸ்லி முதுமையில் வெஸ்ட் ஹாம் கழகத்தில் ஆட்டக்காரர்களின் காலணிகளைத் துடைத்துப் பேணும் வேலை செய்தார். 1988இல் காலமானார். சர்வதேச ஆட்டப் பதிவேடுகளில் அவர் பெயர் இல்லை. அவரது கதை குடும்பத்தின் நினைவிலும், கழக ரசிகர்களிடமும், 1925ஆம் ஆண்டுச் செய்தித்தாள்களிலும் நிலைத்திருந்தது. பொதுமக்கள் நிதியில் உருவான அவரது சிலை 2022 அக்டோபரில் பிளிமத் கழகத்தின் ஹோம் பார்க் அரங்கத்தின் வெளியே திறக்கப்பட்டது. இங்கிலாந்து அணிக்கு ஆடியவர்களுக்கு வழங்கப்படும் தொப்பியைக் கால்பந்துச் சங்கம் 2023இல் மதிப்புறு விருதாக அவருடைய குடும்பத்திடம் அளித்தது. மறைவுக்கு 35 ஆண்டுகள் கழித்து அந்தத் தொப்பியைப் பெற்றுக்கொண்டவர்கள் அவரது பேத்திகளின் தலைமுறையினர்.

ஆய்வின் பயன்

எல்லாத் தேடல்களும் சிலையில் முடிவதில்லை. பெரும்பாலானவை இரண்டாம் அணி ஆட்டங்கள் சிலவற்றையும், ஒரு மே மாதத்தில் வெளியான விடுவிப்புப் பட்டியலையும், அதற்கு அடுத்த வாரம் தொடங்கிய ஆலை வேலையையும் காட்டி முடிகின்றன. குடும்பக் கதை சொன்னதைவிடச் சிறியதாகவும் உண்மை இருக்கலாம். அப்போதும் அது பயனுள்ளதே. புகழ்பெற்றவர்களின் வரலாறு நூல்களில் உள்ளது. வாரக் கூலிக்கு ஆடி, ஆண்டுதோறும் வேலை நிலைக்குமா என்று காத்திருந்த சாதாரண ஆட்டக்காரர்களின் வரலாறு, பேரப்பிள்ளைகள் தேடி எழுதும்போதுதான் கிடைக்கிறது. இப்படிக் கண்டறிந்தவற்றைக் கழக வரலாற்று ஆர்வலர்களுக்கும் உள்ளூர் ஆவணக் காப்பகங்களுக்கும் தருவதன் மூலம், பதிவேடுகளில் விடுபட்ட பெயர்கள் ஒவ்வொன்றாக மீட்கப்படுகின்றன.